இருட்டில் சிவக்கும் இலை

(கல்லூரி ஒன்றின் நுண்கலை மன்றத்தில் டிசம்பர் மாத மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



31 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்தவன் நான். ஓவிய வாத்தியாருக்கு மட்டும் தெரிகிற ஒரு சங்கதி உண்டு. டிசம்பர் மாதம் பிள்ளைகளின் கிரையான் டப்பாவைத் திறந்து பார்த்தால், சிவப்பும் பச்சையும் நகக்கண் அளவுக்குத் தேய்ந்து போயிருக்கும். பழுப்பு நிறக் குச்சி வாங்கி வந்த அன்றைக்கு இருந்தது போலவே நெடுநெடுவென்று நிற்கும். அப்படி ஒரு டிசம்பரில், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், கிறிஸ்துமஸ்னா ஏன் சார் செவப்பும் பச்சையும்? நீலம் அடிச்சா தப்பா?"

"மரம் பச்சை, தாத்தா சிவப்பு, அதான். உட்காருடா" என்றேன். உட்கார்ந்துவிட்டான். ஆனால் அன்று முழுவதும் என் மனம் சரியில்லை. நிறத்தைச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன், நிறத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு வாயடைக்கிற பதில் சொல்லிவிட்டேன். இன்று உங்கள் முன் பேசப்போவது அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான். கொஞ்சம் நீளமாகவே இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இருட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த இருட்டு நமக்குப் பழக்கமில்லாதது. டிசம்பர் 21, 22 தேதிகளில், ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாளில்கூட, சென்னையில் சூரியன் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம் வானத்தில் இருக்கிறது. மார்கழியில் கோலம் போட வாசலுக்கு வருகிறவர்கள் "இன்னும் விடியலையே" என்பார்கள், அதோடு சரி. அதே நாளில் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூடக் கிடையாது. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 6 மணி நேரம்தான். பிற்பகல் 3 மணி அடிக்குமுன் சூரியன் போய்விடும். நார்வேயின் வடக்கே ட்ரோம்சோ என்ற ஊரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் தலையே காட்டாது.

மின்சாரம் வருவதற்கு முந்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்டுக் கொழுப்பில் செய்த மெழுகுவத்தி. அதையும் எண்ணி எண்ணித்தான் ஏற்ற வேண்டும். மரங்கள் இலையுதிர்த்துக் குச்சி குச்சியாய் நிற்கின்றன. வானம் சாம்பல். தரை ஒன்று கருஞ்சேறு, இல்லையென்றால் வெண்பனி. ஒரு ஓவியன் தன் தட்டில் அடுப்புக் கரி, சாம்பல், சுண்ணாம்பு மூன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு நான்கு மாதம் படம் வரைய வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட ஊர்களில் பிறந்த நிறங்களைத்தான் நாம் வெயிலில் நின்று தோரணமாகக் கட்டுகிறோம். அந்த இருட்டை மறந்துவிட்டு இந்த நிறங்களைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே நான் சொல்ல வந்தது.

பச்சையிலிருந்து தொடங்குவோம். எல்லா மரமும் மொட்டையாகிவிட்ட காட்டில் ஒன்றிரண்டு மட்டும் இலையோடு நிற்கும். ஊசியிலை மரங்கள் நிற்கும். மெல்லிய ஊசியும் அதன்மேல் மெழுகுப் பூச்சும் இருப்பதால் நீரை இழக்காமல் தாக்குப்பிடிக்கும். ஹாலி என்ற சிறு மரம் நிற்கும். அதன் இலை தடித்து, பளபளவென்று, ஓரமெல்லாம் முள்ளோடு இருக்கும். ஐவிக் கொடி நிற்கும். செத்துக் கிடக்கும் உலகத்தில் சாகாமல் நிற்பது எதுவோ அதை ஒடித்து வீட்டுக்குள் கொண்டுவருவது மனிதனுக்கு இயல்பாகத் தோன்றிய காரியம். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே ரோமாபுரியில் டிசம்பர் 17 தொடங்கி சாட்டர்னேலியா என்ற திருவிழா நடந்தது. வீடுகளில் பசுங்கிளைகளைக் கட்டினார்கள். பிற்காலத் திருச்சபை அந்தக் கிளைகளைத் தூக்கி எறியவில்லை, புதிய பொருள் சொல்லி ஏற்றுக்கொண்டது. வாடாத இலை நித்திய வாழ்வாயிற்று. ஹாலியின் முள் இயேசுவின் முள்முடி ஆயிற்று. அதன் சிவப்புப் பழம் இரத்தத் துளி ஆயிற்று.

அந்தப் பழத்தைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். மிளகைவிடச் சற்றுப் பெரியது, கொத்துக் கொத்தாக இலைக்காம்படியில் ஒட்டியிருக்கும். ஹாலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நம் பனையைப் போல. பெண் மரத்தில்தான் பழம். அந்தச் சிவப்பு மனிதனுக்காக ஏற்பட்டதும் அன்று. பறவைகளின் கண்ணுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும். பனி மூடிய காட்டில் வேறு இரை கிடைக்காத நேரத்தில், "இங்கே வா, தின்று விதையைக் கொண்டுபோ" என்று மரம் பறவைக்கு விரிக்கும் அழைப்பு அது. பச்சைக்கு நேர் எதிரான நிறம் சிவப்பு என்று ஓவிய வகுப்பில் சொல்கிறோம். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்தால் இரண்டும் இன்னும் எரியும். அந்தப் பாடத்தை ஹாலி மரம் நமக்கு வெகுகாலம் முன்பே வரைந்து காட்டிவிட்டது.

இப்போது ஆதாம் ஏவாள் கதைக்கு வருவோம். கிறிஸ்துமஸ் மரத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது நம்மில் பலர் அறியாதது. மத்திய காலத்து ஜெர்மன் ஊர்களில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாள். அன்று ஏதேன் தோட்டத்துக் கதையை நாடகமாகப் போடுவார்கள். நாடகத்துக்கு ஒரு மரம் வேண்டும், அதில் விலக்கப்பட்ட கனி தொங்க வேண்டும். டிசம்பரில் இலையோடு இருக்கும் மரத்துக்கு எங்கே போவது? காட்டிலிருந்து ஒரு ஃபிர் மரத்தை வெட்டிவந்து நட்டு, சேமித்து வைத்திருந்த ஆப்பிள்களை அதில் கட்டித் தொங்கவிட்டார்கள். பச்சை மரத்தில் சிவப்புக் கனி. "சொர்க்க மரம்" என்று அதற்குப் பெயர். நாடகங்கள் மறைந்தன, மரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. 1605இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து வீடுகளில் கூடத்தில் ஃபிர் மரம் வைத்து, பல நிறத் தாளில் வெட்டிய ரோஜாப் பூ, ஆப்பிள், மெல்லிய அப்பம், தங்கத் தகடு, சர்க்கரைப் பண்டம் எல்லாம் தொங்கவிட்டதாக ஒருவர் குறித்து வைத்திருக்கிறார்.

பிறகு 19ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் லவுஷா என்ற கண்ணாடித் தொழில் ஊரில், ஆப்பிளுக்குப் பதில் கண்ணாடிக் குமிழை ஊதித் தொங்கவிடும் வழக்கம் வந்தது. ஆப்பிள் வாங்கக் காசில்லாத ஒரு தொழிலாளி தன் பிள்ளைகளுக்காக ஊதினார் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். பிரான்சின் லொரேன் பகுதியில் மெய்சன்தால் என்ற ஊர்க்காரர்களிடம் வேறு கதை இருக்கிறது: 1858இல் மழை பொய்த்து ஆப்பிள் காய்க்கவில்லை, அதனால் அவ்வூர்க் கண்ணாடிக்காரர் ஒருவர் ஊதினார் என்பார்கள். இரண்டும் இல்லாமையில் பிறந்த கதைகள். இரண்டையும் நான் விரும்பிச் சொல்வேன். நம் ஊர்க் கடையில் டஜன் கணக்கில் வாங்குகிறோமே, பளபளக்கும் சிவப்புப் பந்து, அது ஆப்பிள். நாம் சவுக்குக் கிளையை வெட்டி மண் தொட்டியில் நட்டு அதில் தொங்கவிடும்போது, ஏதேனின் கனி சவுக்கில் காய்க்கிறது. அந்தப் பையனுக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

1848இல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையில் விக்டோரியா அரசியும் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளும் ஒரு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் வெளிவந்தது. ஆல்பர்ட் ஜெர்மானியர். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் மரம் வீடுதோறும் பரவியது. வாழ்த்து அட்டையும் அந்தக் காலத்தில் வந்ததே. 1843இல் ஹென்றி கோல் என்பவர் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிடச் செய்தார். அட்டைகளில் நெஞ்சு சிவந்த ராபின் குருவி ஏன் வருகிறது தெரியுமா? அன்றைய தபால்காரரின் சீருடை சிவப்பு. மக்கள் அவரையே 'ராபின்' என்று அழைத்தார்கள். வாசலில் வந்து நிற்கும் தபால்காரரை ஓவியர்கள் குருவியாக்கிவிட்டார்கள்.

இதே காலத்துப் பச்சைக்கு ஒரு கொடிய முகமும் உண்டு. நிறங்களின் அழகை மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை, அதனால் சொல்கிறேன். 1775இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற வேதியியலாளர் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சைச் சாயம் செய்தார். ஆர்சனிக் என்பது பாஷாணம். அதற்கு முன்பு இருந்த பச்சைகள் மங்கும், கறுக்கும். இந்தப் பச்சையும் இதன் வழி வந்த மற்றப் பச்சைகளும் புதுத் தளிர் போல ஜொலித்தன. புகையும் கரியும் மண்டிய லண்டன் அந்தப் பச்சைக்கு ஏங்கிக் கிடந்தது. சுவர்த்தாளில் பூசினார்கள், துணியில் ஏற்றினார்கள், விருந்துக்குப் போகும் பெண்கள் தலையில் சூடும் செயற்கை இலையில் தூவினார்கள். அந்த இலைகள்மேல் பச்சைப் பொடியைத் தூவும் வேலை செய்தவள் மெட்டில்டா ஷோயரர். வயது 19. கையில், நகத்தில், மூச்சில், சாப்பாட்டில் எல்லாம் அந்தத் தூள். 1861 நவம்பரில் இறந்தாள். அவள் எடுத்த வாந்தி பச்சையாக இருந்தது. கண்ணின் வெள்ளை பச்சையாகிவிட்டது. பார்க்கிற எல்லாமே பச்சையாகத் தெரிகிறது என்று அவள் மருத்துவரிடம் சொன்னாளாம். வெளியே உயிருள்ள பச்சை இல்லாத ஊரில், அழகுக்காகச் செய்த பச்சை ஒரு பெண்ணை உள்ளிருந்து கொன்றது. நிறத்துக்குப் பொருள் சொல்கிற ஒவ்வொருவரும் அந்த நிறத்தைச் செய்த கைகளையும் நினைக்க வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். மெட்டில்டாவின் பெயரை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதே இல்லை.

அடுத்து, தாத்தாவின் சிவப்பு. "சாண்டா கிளாஸுக்குச் சிவப்பு உடை போட்டது கோக்க கோலா கம்பெனி" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. இந்தத் தாத்தாவின் மூலம் இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரத்தில் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ். அவருடைய திருநாள் டிசம்பர் 6. ஐரோப்பிய ஓவியங்களில் அவருக்குப் பல தடவை சிவப்பு மேலங்கி உண்டு. ஆனால் நிறம் ஒன்றாகவே நிலைத்திருக்கவில்லை. 1843இல் வந்த சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' நூலில் ஜான் லீச் வரைந்த படத்தைப் பாருங்கள். கிறிஸ்துமஸின் ஆவியாக வரும் அந்தப் பெரிய மனிதர் பச்சை அங்கி போட்டுத் தலையில் ஹாலி வளையம் சூடியிருக்கிறார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் தாமஸ் நாஸ்ட் என்ற கேலிச்சித்திரக்காரர், கொடியின் நட்சத்திரமும் கோடும் போட்ட உடையில் சாண்டாவைப் படைவீரர்கள் நடுவே வரைந்தார். அவரே பின்னர் பல ஆண்டுகள் வரைந்து வரைந்து, குண்டான, தாடி வைத்த, சிவப்பு உடைத் தாத்தாவாக ஆக்கினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பத்திரிகை அட்டைகளில் சிவப்புச் சாண்டா சாதாரணம். கோக்க கோலாவுக்காக ஹேடன் சண்ட்ப்ளம் வரையத் தொடங்கியது 1931இல். அவர் கைவண்ணம் அந்த உருவத்தை உலகெங்கும் ஊன்றியது உண்மை. சிவப்பைக் கொடுத்தவர் அவரில்லை. விளம்பரக்காரர்கள் எல்லாவற்றையும் உண்டாக்கினார்கள் என்று நம்பிவிட்டால், அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக மக்கள் செய்த வேலையை அவர்கள் கணக்கில் எழுதிவிடுகிறோம். அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

சிவப்பையும் பச்சையையும் இங்கே நிறுத்திவிட்டு, என் சிறு வயதுக்குக் கொஞ்சம் போகிறேன். எங்கள் தெருக் கோடியில் ஒரு மாதா கோயில் இருந்தது. நாங்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள் என்றாலும் பிள்ளைகளுக்கு அங்கே தடை இல்லை. கார்த்திகை மாதம் பாதி கழிந்ததும் பீடத்தில் விரித்த துணி ஊதாவாக மாறிவிடும். சாமியாரின் உடுப்பும் ஊதா. "ஏன் இப்படித் துக்கமா இருக்கு?" என்று என் சேக்காளியின் அம்மாவைக் கேட்டேன். "துக்கமில்லடே, காத்திருக்கோம்" என்றார்கள். அந்தச் சொல்லை நான் மறக்கவே இல்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை ஊதா. மூன்றாவது ஞாயிறு மட்டும் சில கோயில்களில் ரோஜா நிறம். பாதி வழி தாண்டிவிட்டோம், மகிழலாம் என்பதன் அடையாளம் அது. பிறகு 24ஆம் தேதி நடுச்சாமப் பூசைக்குப் போனால் பீடம் முழுக்க வெள்ளை. பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுத் துணி விரித்ததுதான் நடந்தது. ஆனால் நான்கு வாரம் ஊதாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வெள்ளை விளக்குப் போட்டது போல இருந்தது. ஓவியத்தில் வெள்ளையைக் காட்ட வேண்டுமானால் பக்கத்தில் நிழலைப் போட வேண்டும் என்று பின்னாளில் படித்தபோது, அந்தக் கோயில்தான் ஞாபகம் வந்தது.

12ஆம் நூற்றாண்டின் கடைசியில், பின்னர் மூன்றாம் இன்னசென்ட் என்ற பெயரில் திருத்தந்தையான ஒருவர் வழிபாட்டு நிறங்களைப் பற்றி எழுதினார். கிறிஸ்துமஸுக்கு முந்திய அந்த நான்கு வாரத்துக்கு, அதாவது திருவருகைக் காலத்துக்கு, அவர் குறித்த நிறம் கறுப்பு. கறுப்பின் இடத்தில் ஊதா வந்து நிலைத்தது பிற்கால வழக்கம். இன்று கோயில்களில் பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுவத்தி நட்டு வாரம் ஒன்றாக ஏற்றுகிறோமே, அதற்கு ஊர் ஹாம்பர்க். ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு விடுதி நடத்திய யோஹான் விஷெர்ன் என்ற போதகரிடம், "கிறிஸ்துமஸ் வந்துட்டுதா, வந்துட்டுதா" என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்கள். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்தி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவத்தி என்று நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். இரவு நீள நீள வெளிச்சம் ஒவ்வொன்றாகக் கூடியது. எண்ணத் தெரியாத குழந்தைக்கும் நிறத்தால் நாள் கணக்குச் சொல்லிக் கொடுத்த அந்த ஆசிரியரை நான் என் குருவாகவே நினைக்கிறேன்.

ஊதாவுக்கு இன்னொரு கதை இருக்கிறது. அது யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கு நம்மைக் கொண்டுபோகும். பழங்காலத்தில் உயர்ந்த ஊதாச் சாயம் மத்தியதரைக் கடலின் நத்தைகளிலிருந்து கிடைத்தது. ஒரு அங்கிக்கு ஆயிரக்கணக்கான நத்தைகள் வேண்டும். ஆகவே அது அரசர்களின் நிறம். அதே வகை நத்தையிலிருந்து யூதர்கள் 'தெகேலெட்' என்ற நீலமும் எடுத்தார்கள். தொழுகைப் போர்வையின் குஞ்சத்தில் ஒரு நூல் அந்த நீலமாக இருக்க வேண்டும் என்பது யூத வேதமான தோராவின் கட்டளை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சாயம் செய்யும் முறை மறந்துபோயிற்று. ஒரே நத்தை எப்படி ஊதாவும் நீலமும் தரும் என்பது புதிராகவே இருந்தது. 1980களில் ஓட்டோ எல்ஸ்னர் என்ற இஸ்ரேலிய வேதியியலாளர் விடை கண்டார். சாயத்தைக் கரைசல் நிலையில் நிழலில் வைத்தால் ஊதா. அதே கரைசலின்மேல் வெயில் பட்டால் நீலம். வெயில் பட்டு உண்டாகும் அந்த நீலம் வேதியியலில் எது தெரியுமா? நம் அவுரிச் செடி தரும் அதே நீலம்தான். ஆனால் செடி நீலத்தை அந்தக் குஞ்சத்தில் சேர்க்கக் கூடாது என்று யூத சாத்திரம் கண்டிப்பாகச் சொல்கிறது. பொருள் ஒன்றே, வந்த வழி வேறு என்பதால் புனிதம் வேறு. நிறத்தின் அர்த்தம் நிறமியில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஹனுக்கா, கி.மு. 164இல் மக்கபேயர்கள் என்ற யூதப் போராளிகள் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தியதன் நினைவு. ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது நம்பிக்கை. எட்டு இரவு, நாளுக்கொன்று கூட்டிக் கூட்டி விளக்கேற்றுவார்கள். இன்று அந்தப் பண்டிகையின் தோரணங்கள் நீலமும் வெள்ளையுமாக இருக்கின்றன. போர்வையின் வெள்ளையும் குஞ்சத்தின் நீலமும் 19ஆம் நூற்றாண்டில் யூத மக்களின் அடையாள நிறங்களாக எழுந்து, 1948இல் இஸ்ரேலின் கொடியில் ஏறின. பண்டிகைத் தோரணத்துக்கு அவை வந்தது 20ஆம் நூற்றாண்டில். சிவப்பு பச்சையின் நடுவே தனித்துத் தெரிய ஒரு ஜோடி நிறம் யூதக் குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது. ஆனால் ஹனுக்காவின் உள்நிறம் சுடரின் மஞ்சள். அந்த விளக்கு வெளிச்சத்தில் படிக்கக் கூடாது, தைக்கக் கூடாது, காசு எண்ணக் கூடாது. பார்க்க மட்டும்தான் அந்த வெளிச்சம். அதனால்தான் வேலைக்கென்று தனியாக ஒன்பதாவது விளக்கு ஒன்று வைக்கிறார்கள்.

ஸ்வீடனில் டிசம்பர் 13 புனித லூசியாவின் நாள். பழைய நாட்காட்டிக் கணக்கில் அதுதான் ஆண்டின் மிக நீண்ட இரவு. விடியுமுன் இருட்டில் ஒரு பெண் வெள்ளை உடுத்தி, தலையில் மெழுகுவத்தி முடி சூடி, பின்னே தோழியர் பாடிவர நடந்து வருவாள். இடுப்பில் ஒரு சிவப்புப் பட்டை, இரத்தசாட்சியான லூசியா சிந்திய இரத்தத்தின் நினைவு. கையில் குங்குமப்பூப் போட்ட மஞ்சள் ரொட்டி. இரத்தமும் சூரியனும் அந்த ஒரு ஊர்வலத்திலேயே இருக்கின்றன.

சிவப்பு கிறிஸ்தவத்தின் சொத்து மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஈரானில் ஆண்டின் மிக நீண்ட இரவை 'யல்தா' என்று கொண்டாடுகிறார்கள். குடும்பமே உட்கார்ந்து மாதுளையை உதிர்த்துத் தின்று, கவிஞர் ஹாபிஸின் கவிதை படித்து, விடிய விடிய விழித்திருப்பார்கள். மாதுளையின் சிவப்பு அவர்களுக்கு விடியற்காலைச் செவ்வானம். கொரியாவில் அதே நாளில் சிவப்புப் பயற்றைக் குழைய வேகவைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். முன்பெல்லாம் அதைக் கதவிலும் மதிலிலும் தெளிப்பார்கள். அந்தச் சிவப்பு கெட்ட ஆவிகளை விரட்டும். ஒருவருக்குத் தியாகம், ஒருவருக்கு விடியல், ஒருவருக்குக் காவல். எல்லோருமே நீண்ட இரவில் சிவப்பைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள்.

ஒரு சமூகம் உட்கார்ந்து யோசித்துத் தனக்கென்று நிறம் தேர்ந்ததும் உண்டு. 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களின் கொந்தளிப்பு வெடித்தது. அடுத்த ஆண்டு மௌலானா கரெங்கா என்பவர் குவான்ஸா என்ற பண்டிகையைத் தொடங்கினார். டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஏழு நாள். நடுவில் ஒரு கறுப்பு மெழுகுவத்தி, ஒருபுறம் மூன்று சிவப்பு, மறுபுறம் மூன்று பச்சை. கறுப்பு மக்கள், சிவப்பு அவர்களின் போராட்டம், பச்சை நிலமும் வருங்காலமும். 1920இல் மார்கஸ் கார்வி என்பவரின் கறுப்பின மக்கள் இயக்கம் ஏற்றுக்கொண்ட கொடியின் நிறங்கள் இவை. முதலில் ஏற்றுவது கறுப்பை. இருட்டோடும் துக்கத்தோடும் ஐரோப்பா சேர்த்துப் பார்த்த நிறத்தை அவர்கள் நடுவில் நிறுத்தி அதில் சுடர் ஏற்றினார்கள். எனக்கு இது மிகப் பெரிய காரியமாகப் படுகிறது.

கடைசியாக ஒரு செடி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், டிசம்பரில் வேலியோரம் கொழுந்துவிட்டு எரிகிற மாதிரி நிற்கும் பாயின்செட்டியா. மெக்சிகோவின் செடி. ஆஸ்டெக் மக்கள் அதிலிருந்து செஞ்சாயம் எடுத்தார்கள். ஸ்பானியத் துறவிகள் வந்தபிறகு அது கிறிஸ்துமஸ் குடிலின் பூவாயிற்று. 1820களில் அமெரிக்கத் தூதராக மெக்சிகோவில் இருந்த ஜோயல் பாயின்செட் அதைத் தன் ஊருக்கு அனுப்பியதால் இங்கிலீஷில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. மெக்சிகோக்காரர்கள் அதை 'புளோர் தே நோச்சேபுவேனா' என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவின் பூ என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நல்ல இரவின் பூ'.

உண்மையில் அந்தச் சிவப்பு பூவே இல்லை. ஒன்றைப் பறித்துப் பாருங்கள். காம்பில் பால் வடியும், கள்ளியைப் போல. கள்ளி, ஆமணக்கு, மரவள்ளி எல்லாம் இதற்கு உறவு. நடுவில் சின்னச் சின்ன மஞ்சள் குமிழாக இருப்பவைதான் பூக்கள். சுற்றிலும் விரிந்திருக்கும் சிவப்பு அத்தனையும் இலை. பச்சையாக வர வேண்டிய இலைதான் சிவப்பாக வருகிறது. எதனால்? இரவு நீண்டதால். புரட்டாசியில் இரவுகள் பகலைவிட நீளத் தொடங்கும்போது அந்தச் செடி இரவின் அளவைக் கணக்கெடுக்கிறது. இடையில் வெளிச்சம் படாத முழு இருட்டு, இரவுக்கு இரவு, வாரக்கணக்கில் தொடர்ந்து கிடைத்தால்தான் அது பூக்கும், இலை சிவக்கும். நடுராத்திரியில் விளக்கு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தால் கணக்குத் தவறிவிடும். செடி பச்சையாகவே நின்றுவிடும்.

கோத்தகிரியில் என் தங்கை வீட்டில் இதை நான் கண்ணால் பார்த்தேன். வாசலுக்கு இருபுறமும் ஒரே நாளில் நட்ட இரண்டு செடிகள். இடப்பக்கத்துச் செடி முழுக்கச் சிவந்திருந்தது. வலப்பக்கத்துச் செடியில் ஒரு இலைகூட நிறம் மாறவில்லை. "இதுக்கு மட்டும் என்ன நோவோ தெரியலண்ணே, உரம் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன்" என்றாள். அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். வலப்பக்கத்துச் செடிக்கு நேர் மேலே வராந்தா விளக்கு விடிய விடிய எரிந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் பிறந்ததிலிருந்து அந்த விளக்கைச் சாயங்காலமே அணைத்து வைக்கச் சொன்னேன். அந்த டிசம்பரில் இரண்டு செடியும் சிவந்தன.

இந்தக் கல்லூரியின் முகப்பிலும் நான்கு தொட்டிகளில் அந்தச் செடி இருக்கிறது, வரும்போது பார்த்தேன். நான்கும் பச்சையாகவே நிற்கின்றன, மேலே பெரிய விளக்கு இருக்கிறது. முதல்வர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு புரட்டாசி முடிவதற்குள் அந்தத் தொட்டிகளைப் பின்பக்கம், இரவில் வெளிச்சம் விழாத இடத்துக்கு மாற்றி வைக்கச் சொல்லுங்கள். மாணவர்களே, மாற்றி வைத்த பிறகு தினமும் போய்ப் பாருங்கள். எந்த இலை முதலில் சிவக்கிறது என்று வரைந்து வையுங்கள்.